மூன்றாவது சிலிண்டருக்குப் போகாத பெட்ரோல்

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பல் டாக்டரின் வண்டி செத்துப்போனது. ஊரே என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஒர்க்‌ஷாப்பில் அப்போது இருந்தது, அந்த வண்டியைத் தயார் செய்த அவளையும் சேர்த்து ஐந்தே பேர். ஆனால் அந்த ஐந்தில் ஒருவர் கேப்டன். அதனால் அவளுக்கு அது ஊர் கூடிப் பார்த்த மாதிரிதான் இருந்தது.

கேப்டன் என்பது பட்டப்பெயர். பந்தயக் கார் குழு ஒன்றை நடத்துகிறவர். இன்ஜினுக்கு எப்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று அமைத்துத் தர ஒரு ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். யாரோ அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். போன் செய்து, உங்கள் கை பட்ட வண்டி ஒன்று ஓடுவதைப் பார்க்க வேண்டும், பிடித்திருந்தால் இந்த வருடப் பந்தயம் முழுவதும் நீங்கள்தான் என்றார். அன்று அவள் போனை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா நின்றாள்.

ஏன் நிற்க மாட்டாள்? பதினான்கு வருடமாகக் கணவனின் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்து, எத்தனையோ இன்ஜினுக்கு உயிர் கொடுத்திருக்கிறாள். வண்டி நன்றாக ஓடினால் வாடிக்கையாளர் நேராகப் போய்க் கணவனின் கையைப் பிடித்துக் குலுக்குவார். இவள் பக்கம் திரும்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்பார். ஒருவர் இரண்டு பேர் இல்லை, வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான். இது உங்கள் வேலை என்று அவளிடமே சொன்ன முதல் ஆள் கேப்டன்.

பல் டாக்டரின் வண்டி அதற்கென்றே அமைந்தது போல வந்தது. பாவம், சாதுவான வண்டி. காலையில் கிளினிக், மாலையில் வீடு என்று போய்வந்துகொண்டிருந்தது. டாக்டருக்கு ஐம்பது வயதில் வேகப் பைத்தியம் பிடித்து, டர்போ மாட்டிக் கொடுத்தால்தான் ஆயிற்று என்று வந்து நின்றார். டர்போ வேறொன்றுமில்லை, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிற சாமான். காற்று கூடினால் அதற்கேற்ப பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் உள்ளே சூடு எகிறி பிஸ்டன் உருகும். டர்போவை மாட்டுவது கணவனின் வேலை. அதில் அவனைக் குறை சொல்ல முடியாது, வெல்டிங் வைத்தால் தடவிப் பார்க்கத் தோன்றும். பெட்ரோல் அவள் வேலை. பெரிய பம்ப்பாக ஒன்று, சிலிண்டருக்கு ஒன்று என்று பெரிய இன்ஜெக்டராக நான்கு வரவழைத்தாள். எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்து பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்பதற்கு ஒரு அட்டவணை உண்டு. மேப் என்பார்கள். இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் நிரப்ப முடியும். மூன்று வாரம் கண் பூத்துப்போக உட்கார்ந்து நிரப்பினாள். வியாழக்கிழமை மாலை, முழு அழுத்தத்திலும் மீட்டர் பதினொன்றரையில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பதினொன்றரைப் பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். அதற்கு மேல் திருத்த ஒன்றுமில்லை.

அதோடு விட்டிருக்கலாம். கணவன் விடவில்லை. கேப்டன் பார்க்கும்போது பளபளவென்று இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை காலையில் காற்றுக் குழாயைக் கழற்றிப் பாலிஷ் போட்டான். அதைக் கழற்ற வேண்டுமானால், நான்கு இன்ஜெக்டர்களையும் வரிசையாகப் பிடித்திருக்கும் பெட்ரோல் குழாயையும் கழற்ற வேண்டும். அதை ரெயில் என்பார்கள். எல்லாவற்றையும் மதியம் திரும்ப மாட்டினான்.

மாலையில் அவள் வண்டியைக் கிளப்பியதும் ஏதோ சரியில்லை என்று காதிலேயே தெரிந்தது. நின்ற இடத்தில் ஓடும்போது ஒரு நொண்டல். மீட்டரைப் பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் பெட்ரோல் எட்டு சதவீதம் குறைவு. நேற்று ஆணி அடித்த மாதிரி நின்ற எண்ணுக்கு ஒரே நாளில் என்ன வந்தது? ஏதாவது மாற்றினீர்களா என்று கணவனிடம் கேட்டாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, ஒன்றும் மாற்றவில்லை, பெட்ரோல் வேறு பங்க்கில் போட்டேன், அதுவாக இருக்கும் என்றான். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

வேறு யாராவது அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அவள் நான்கு சிலிண்டரின் ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றிப் பார்த்திருப்பாள். சொன்னது கணவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாக் கட்டத்திலும் எட்டு சதவீதம் கூட்டிப் போட்டாள். மீட்டர் பதினொன்றரைக்கு வந்தது. நொண்டல் கொஞ்சம் அடங்கியது, முழுதாகப் போகவில்லை. நாளைக்குச் சூடானால் சரியாகிவிடும் என்று லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை கேப்டன் வந்தார். பல் டாக்டர் புதுச் சட்டையில் வந்து, பரீட்சை எழுதப்போகும் பிள்ளையின் அப்பாவைப் போல வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வண்டியை உருளைகள் மேல் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். டைனோ என்கிற அந்த மேடையில் வண்டி நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடும். ஸ்டீயரிங்கில் கொழுந்தன். அவன் ஓட்டுவதில் கெட்டிக்காரன். வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

முதல் ஓட்டம் அருமை. இரண்டாவது அதைவிட அருமை. கேப்டன் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மூன்றாவது ஓட்டத்தில் இன்ஜினின் சுற்று நிமிடத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறைத் தொட்டபோது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். ஒரு விநாடிதான். பிறகு டப் என்று ஒன்று வெடித்தது. ஆயில் அளவுகோல் துள்ளி வெளியே வந்து விழுந்தது. வெள்ளையாக, நீலமாகப் புகை கக்கி, பாலிஷ் போட்ட குழாய் முழுக்க ஆயில் தெறித்து, இன்ஜின் நின்றுபோனது. திரையில் மட்டும் பதினொன்றரை அப்படியே நின்றிருந்தது.

கொழுந்தன் இறங்கின வேகத்தில் குண்டைத் தூக்கிப் போட்டான்.

"அண்ணி, மேப்பு தப்பாயிடுச்சா?"

எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. டாக்டர் கம்ப்யூட்டர் தப்பா என்று கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுவான், திறந்து பார்க்காமல் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்றாவது சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அப்புறம் நிதானமாக வாயைத் திறந்தான்.

"ட்யூனிங்ல கொஞ்சம் அவசரப்பட்டுட்டா."

அவளுக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. அவசரமா? மூன்று வாரம் உட்கார்ந்தது அவசரமா? கேப்டன் அதிகம் பேசுகிறவர் இல்லை. திங்கட்கிழமை வருகிறேன், திறந்து வையுங்கள், என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காரணம் தெரிய வேண்டும். அதுவும் இரண்டு நாளில். இல்லையென்றால் பதினான்கு வருட வேலை அவசரக்காரியின் வேலை என்றே நின்றுவிடும்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் படுத்துக்கொண்டாள். கணவன் இரண்டு முறை வந்து தலை வலிக்கிறதா என்று கேட்டான். வலிக்கவில்லை, எரிகிறது என்று சொல்ல வாய் வந்தது. இன்னும் உறுதியாகத் தெரியாததால் அடக்கிக்கொண்டாள். தப்பு தன்னுடையதாகவே இருந்துவிட்டால்? இருநூற்று ஐம்பத்தாறு கட்டத்தில் எங்காவது ஒன்றில் கை தவறியிருந்தால்? விடிகிற வரை அந்த எண்கள் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இன்ஜினைத் திறந்தார்கள். மூன்றாவது பிஸ்டனின் ஓரத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவு ஓட்டை. அவள் நான்கு ப்ளக்கையும் பழைய செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தாள். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் கருகருவென்று பெட்ரோல் குடித்துக் கிடந்தன. மூன்றாவது எலும்பு வெள்ளை. அதன் நுனியில் உருகிய அலுமினியம் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது.

அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. மீட்டரின் சென்சார் நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றாகச் சேருகிற இடத்தில் இருக்கிறது. அதற்குச் சராசரிதான் தெரியும். நான்கு பிள்ளைகளில் ஒருவன் பட்டினி கிடக்க, மற்ற மூவருக்கும் கூட இரண்டு கரண்டி போட்டுவிட்டு, வீட்டில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள் என்று சொல்லுகிற கணக்கு அது. வெள்ளிக்கிழமை அவள் கூட்டிய எட்டு சதவீதம் ஏற்கெனவே தின்று கொழுத்த மூன்றுக்குத்தான் போயிருக்கிறது. பட்டினி கிடந்தவன் பட்டினியாகவே கிடந்து உருகிச் செத்தான்.

மூன்றாவது இன்ஜெக்டரைப் பார்க்க வேண்டும் என்று அவள் எழுந்ததும், கணவனுக்குத் திடீரென்று கேஸ்கெட் வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்து பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை எவன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்?

ரெயிலைக் கழற்றி நான்கு இன்ஜெக்டரையும் சோதனை மேடையில் மாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் கீழே அளவு போட்ட கண்ணாடிக் குழாய். பதினைந்து விநாடி பீய்ச்ச விட்டாள். மூன்று குழாய்களில் நூற்று முப்பத்தேழு மில்லி. மூன்றாவதில் தொண்ணூற்றைந்து. வெளியே எடுத்து விளக்கில் பிடித்துப் பார்த்தாள். அதே நீலத் தலை, அதே உடம்பு, கடைசி ஒரு எண் மட்டும் வேறு. வரவழைத்த நான்கில் ஒன்று இல்லை இது. இவர்களுடைய பழைய சாமான் டிராயரில் கிடந்த சின்ன இன்ஜெக்டர்.

எதையாவது எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. அந்த நான்கு குழாய்களையும் அப்படியே வைத்துவிட்டு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கணவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். குழாய்களைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"எப்போ போட்டீங்க?"

வெள்ளிக்கிழமை மதியம் என்றான். ரெயிலை அமுக்கும்போது ஒரு இன்ஜெக்டரின் தலை உடைந்துவிட்டதாம். புதிது வர நான்கு நாள் ஆகும் என்றார்களாம். மறுநாள் கேப்டன் வருகிறார். ஒன்றுதானே, அவர் வந்து போகிற வரைக்கும் தாங்கும் என்று டிராயரில் இருந்ததை எடுத்துப் போட்டானாம். எல்லாம் அவளுக்காகத்தானாம்.

"நான் கேட்டேன்ல?"

"கேட்டே."

"என்ன சொன்னீங்க?"

அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடைந்தது குற்றமில்லை. கை தவறுவது யாருக்கும் நடக்கும். மூன்றாவதில் சின்னது போட்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஒரு சிலிண்டரை மட்டும் அதிக நேரம் திறக்கச் சொல்லி லேப்டாப்பில் மாற்றியிருப்பாள். பத்து நிமிட வேலை. இல்லாவிட்டால் கேப்டனுக்குப் போன் செய்து அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பாள். இந்த மனிதன் வாயைத் திறக்கவில்லை. திறந்தது ஒரே ஒரு முறை, அவள் தலையில் பழியைக் கட்டுவதற்கு.

அதற்குப் பிறகு அவன் சொன்னதுதான் உச்சம். ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில் ஆரம்பித்தான்.

"மேப்பு தப்புன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் சமாச்சாரம்னு விட்டுடுவாங்க. சாமானை மாத்திப் போட்டேன்னு வெளிய தெரிஞ்சா நாளைலேருந்து ஒரு வண்டி உள்ள வராது. ஒரு தடவை நீ ஏத்துக்கோயேன். நீ வீட்டு ஆளு, உன்னை யார் என்ன சொல்லப்போறா?"

வீட்டு ஆள். பதினான்கு வருடமாக அவள் யார் என்பதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. நாக்கில் நரம்பில்லாமல் எப்படி இதைச் சொல்ல முடிகிறது என்று அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் பயம் இருந்தது, வெட்கம் இல்லை. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"நாளைக்கு அவங்க வந்ததும் நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். உங்க வாயால வரணும்."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் நடுவில் ஒரு தலையாட்டல்.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கேப்டனும் டாக்டரும் வந்தார்கள். உருகிய பிஸ்டனை டாக்டர் கையில் வாங்கி, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போல ஓட்டையைப் பார்த்தார். கேப்டன் ப்ளக்குகளைப் பார்த்தார். மூன்றாவதைக் கையில் எடுத்து, என்ன கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான். அவளுக்கு ஒரு நொடி நம்பிக்கை வந்தது. உண்மையாகவே வந்தது.

"இன்ஜெக்டர் ஒண்ணு சரியில்லை சார். கம்பெனிலேருந்து வரும்போதே கோளாறு போல."

பூசி மெழுகியாகிவிட்டது. தன் மேலிருந்து பெண்டாட்டி மேல், பெண்டாட்டி மேலிருந்து எங்கோ இருக்கிற கம்பெனி மேல். கொழுந்தன் வேகமாகத் தலையாட்டினான். அவளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. சோதனை மேடையின் சுவிட்சைத் தட்டினாள். நான்கு இன்ஜெக்டரும் பீய்ச்சின. மூன்று குழாய் நிறைந்தது, ஒன்று பின்தங்கியது. அதை நிறுத்திவிட்டு, உடைந்தது, டிராயரிலிருந்து எடுத்தது, தான் கேட்டது, அவன் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். குரல் உயர்ந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. தான் எட்டு சதவீதம் கூட்டியதையும் சேர்த்தே சொன்னாள்.

டாக்டர் பிஸ்டனைக் கீழே வைத்தார். பிறகு கணவனைப் பார்த்து, நான் தப்பான பல்லைப் பிடுங்கிவிட்டு நர்ஸ் மேல் பழி போட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று கேட்டார். இன்ஜினைச் சரிசெய்து கொடுங்கள், ஆனால் இனி அதில் ஒரு திருகாணியைக்கூட மேடம்தான் தொட வேண்டும் என்றார். கணவன் திருதிருவென்று முழித்தான்.

கேப்டன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை நொண்டல் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் ப்ளக்கைக் கழட்டிப் பாக்கலை?"

"அவர் ஒண்ணும் மாத்தலைன்னார்."

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. இன்ஜினைப் பற்றிக் கேட்டதற்குக் கணவனைப் பற்றிப் பதில் சொல்லியிருக்கிறாள். கேப்டன் ப்ளக்கைச் செய்தித்தாள் மேல் திரும்ப வைத்தார்.

"எங்க டீம்ல பதினோரு பேர் ஸ்பேனர் பிடிக்கறாங்கம்மா. அதுல எவனாவது ஒருத்தன் தினம் ஒண்ணும் மாத்தலைன்னுதான் சொல்லுவான். வண்டி நூத்தி எண்பதுல போகும். உள்ள ஒரு பையன் உக்காந்திருப்பான்." திறந்து கிடந்த இன்ஜினை ஒரு தடவை பார்த்தார். "உங்க மேப்புல தப்பில்லை. ஆனா இந்த வருஷம் வேண்டாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுத்தான் போனார். திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கணவன் மேல் இருந்த கோபத்தில் பாதி இப்போது தன் மேலேயே திரும்பியது. காது சொன்னதைக் கேட்காமல் இந்த ஆள் வாயைக் கேட்டோமே என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவர்கள் போனதும் கணவன் ஆடித் தீர்த்தான். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள் என்றான். வேறு எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா என்றான். கொழுந்தன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பேட்டரி வாங்க வேண்டும் என்று நழுவினான். அவள் இன்ஜின் பக்கம் குனிந்துகொண்டாள். கழற்றிய சாமான்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கத்த ஆள் எதிரில் நின்றால்தானே கத்தல் நீளும். மதியத்துக்குள் அவன் சத்தம் இறங்கிவிட்டது. பக்கத்தில் வந்து நின்றான். குரல் நிஜமாகவே உடைந்திருந்தது.

"தப்புதான். இனிமே எதை மாத்தினாலும் உன்கிட்ட சொல்லிடறேன்."

அவள் நிமிர்ந்தாள். இதே வார்த்தைக்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தாள். இப்போது வந்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீங்க சொல்லுங்க, சொல்லாமப் போங்க. நான் இனிமே கேக்க மாட்டேன்."

சுவர் ஓரமாக ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது. அன்று காலையில்தான் அவன் அதன் ரெயிலை மாட்டி முடித்திருந்தான். அவள் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய், அவன் கண் முன்னாலேயே அதன் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அதில் ஒன்றும், என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் நான்கு இன்ஜெக்டரையும் உருவி, ஒவ்வொன்றாக விளக்கில் பிடித்துக் கடைசி எண் வரை படித்துவிட்டு, சோதனை மேடையில் மாட்டிச் சுவிட்சைத் தட்டினாள். நான்கு குழாயும் சமமாகவே நிறைந்தன. ஆனாலும் இரண்டாவது முறை ஓடவிட்டுப் பார்த்தாள். அவன் அங்கேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.